கறுப்புக்கு அடியில்

செந்தூலில் மாநகர் மன்றம் நூலகம் கட்டவிருக்கும் பள்ளத்தில் வெயில் இறங்குகிறது. முன்பிருந்த பட்டறையின் எண்ணெயில் ஊறிய மண் தார் போல மினுங்குகிறது. நாற்றத்தில் தொண்டை கரிக்கிறது. மண்வாரி ஓட்டும் ஜாகிர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "மேல சிமெண்ட் போட்டு மூடிடலாம்னு கான்ட்ராக்டர் சொல்றாரு மேடம். திறப்பு விழா தள்ளிப்போவுதுலா," என்கிறார். மன்றத்துப் பொறியாளர் புனிதா முகக்கவசத்தோடு பள்ளத்தின் ஓரத்தில் நிற்கிறார். "பிள்ளைங்க தரையில உட்கார்ந்து படிக்கப்போற இடம்ணே. யாரு திட்டினாலும் நான் வாங்கிக்கிறேன். நீங்க தோண்டுங்க." இத்தனை வருட வேலையில் இப்படி ஒருவர் சொல்லி ஜாகிர் கேட்டதில்லை. இரும்புக் கை மறுபடி இறங்குகிறது. லோரிகள் கறுப்பு மண்ணைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டு கிளம்புகின்றன. கடைசியில் அடியிலிருந்து செம்மண் எட்டிப் பார்க்கிறது. புனிதா இறங்கிவந்து அதைச் சோதனைக் குப்பியில் அள்ளி, வெயிலில் தூக்கிக் காட்டுகிறார். ஜாகிர் ஹாரனை நீளமாக அடிக்கிறார்.