சினைக் கிண்ணம்

மீன் அறுப்பவள் சினையை விற்கக் கூடாது, பிள்ளைக்கு ஏங்குகிறவளுக்குச் சும்மா கொடுக்க வேண்டும் என்பது அந்த ஆற்றங்கரைச் சந்தையின் வழக்கம். மூக்கம்மாளுக்கு அப்படி ஒருத்தி வீட்டிலேயே இருந்தாள், மருமகள் சண்முகக்கனி. மாத்திரைக் கம்பெனிக் கழிவு ஆற்றில் கலக்கத் தொடங்கியபின், அறுக்கிற கெண்டையிலெல்லாம் சினையாக இருந்தது. எல்லாமே பெண் மீன்கள் போலிருக்கிறது, ஆத்தா கண் திறந்துவிட்டாள் என்று மூக்கம்மாள் தினமும் கிண்ணம் நிறைய அவித்துக் கொடுத்தாள்.

"ஆத்துல குஞ்சே காணோம்மா. வலையில விழுறது பூரா கிழட்டு மீனுதான்," என்றான் மகன்.

"வயிறு வயிறா சினை கெடக்கு. குஞ்சு எங்கடே போவும்?"

அன்று ஒரு கெண்டையை எடுத்து அமுக்கியதும் வெள்ளையாகப் பால் கசிந்தது. ஆண் மீன். அபூர்வமாக ஒன்று வந்திருக்கிறதே என்று அரிவாள்மனையில் வைத்து வயிற்றைக் கீறினாள். பால் நிறைந்த பைக்குள்ளேயே மஞ்சள் முட்டைகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கிடந்தன. இன்னொன்றை அமுக்கிப் பார்த்துக் கீறினாள். அதிலும் அப்படித்தான். இதுவரை அறுத்துப் போட்டவற்றின் வயிறுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

சண்முகக்கனி கிண்ணத்தோடு வந்து நின்றாள். கூட்டம் விலகும்வரை பொறுத்திருந்து, காதருகே குனிந்தாள்.

"யத்தே, எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு."

சொல்லிவிட்டு வெட்கத்தோடு கிண்ணத்தை நீட்டினாள். மூக்கம்மாள் கீறிய வயிற்றின் இரண்டு ஓரங்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். விரலிடுக்கில் முட்டைகள் பிதுங்கி வந்துகொண்டே இருந்தன.