இன்னும் ஒரு படம்

தாலித் தட்டு மணவறைக்கு வந்த நேரம் பார்த்து மதிவதனியின் கேமராவில் பேட்டரி தீர்ந்தது. மாற்று பேட்டரியோடு அண்ணன் காரைக்காலிலிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்தான். அதற்குள் தாலி கட்டிவிட்டால் அவள் பிழைப்பில் மண்தான்.

நல்லவேளை, உள்ளே கண்ணாடி வைத்த பழைய கேமரா. பேட்டரி செத்தாலும் கண்ணை வைத்தால் எதிரே இருப்பது தெரியும். எடுப்பதுபோல் நடித்தாள்.

“என்னக்கா, கிளிக் சத்தமே வரலை?” என்றான் மாப்பிள்ளையின் தம்பி அகரன்.

“இது கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமரா தம்பி. சத்தம் வராது.”

“ஆமா, இனிமே கம்பெனிக்காரங்க அதைத்தான் விடுவாங்களாம். ஆனா அதுல பின்னாடி ஸ்கிரீன் எரியணுமே?”

அவள் ஸ்கிரீனை உள்ளங்கையால் மறைத்தாள். “சார்ஜ் இறங்கும்னு அணைச்சு வெச்சிருக்கேன்.”

“நாழியாவுது, கட்டச் சொல்லுங்க!” பெண்ணின் அப்பா அதட்டினார்.

“இருங்க, அத்தையோட ஒரு படம்,” என்றாள் பெண்ணின் அம்மா செண்பகம். அப்புறம் சித்தப்பாவோடு ஒன்று. அப்புறம் பக்கத்து வீட்டாரோடு ஒன்று. செண்பகத்தின் படப் பைத்தியத்தை மதிவதனி மனதுக்குள் கும்பிட்டாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. அண்ணன்தான் என்று ஓடினாள். ஜீப்பிலிருந்து இரண்டு பெண் போலீஸார் இறங்கினார்கள்.

“பொண்ணுக்குப் பதினஞ்சு வயசுதானாமே?”

“எவன்டா ஃபோன் பண்ணது?” அப்பா கத்தினார்.

“நான்தான்.” செண்பகம் மகளின் கையைப் பிடித்து எழுப்பினாள். போலீஸிடம் திரும்பினாள். “இவ்வளவு லேட்டாவா வருவீங்க? படம் படம்னு இன்னும் எத்தனை பேரைத்தாங்க நான் கூப்பிட்டு நிறுத்துறது?”