பொருந்தாத வியாபாரம்

"ஆயிரத்து ஐந்நூறுக்குத் தாறியளோ, இல்லையோ?"

கீர்த்திகன் அந்தச் சாயம் போட்ட ஓலைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கனடாவில் வேலை, சொகுசுக் கப்பலில் விடுமுறை. ஆனாலும் இலங்கையின் கற்பிட்டித் துறையில் ஐந்நூறு ரூபாயை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"ரெண்டாயிரத்துக்குக் குறைய வராது தம்பி," என்றாள் கடைக்காரி ஜெய்னம்பு.

"இஞ்சேருங்கோப்பா, கேட்டதைக் குடுத்திட்டு வாங்கோ. எல்லாரும் போயிட்டினம்!" அவன் மனைவி மதுசா தவித்தாள்.

தவிப்பில் நியாயம் இருந்தது. கப்பல் ஆழக்கடலில் நின்றது. ஆட்களைக் கரைக்கு ஏற்றி இறக்குவது 'போட்டு' என்று சொல்லும் ஊர் எஞ்சின் படகுகள்தான். அஸ்மின் என்ற ஊர்க்காரனின் பெரிய போட்டு மற்றவர்களை ஏற்றிக்கொண்டு அப்போதுதான் போயிருந்தது. கப்பலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அறையில் இவர்களுடைய மூன்று வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டாம் சங்கு ஊதினால் கப்பல் யாருக்காகவும் நிற்காது.

"என்ட போட்டு இரிக்கி, வாங்க! நான் கொண்டு போய் உடுறேன்!" துறையிலிருந்து ஒருவன் கையசைத்தான். ஜெய்னம்பின் கணவன் இஸ்ஹாக்.

மதுசாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கீர்த்திகன் இரண்டாயிரத்தை நீட்டிவிட்டுப் பெட்டியைத் தூக்கினான்.

ஜெய்னம்பு காசை வாங்கவில்லை. பெட்டியையும் விடவில்லை.

"பொருந்தித் தாறீங்களா?"

"என்ன?"

"முகத்தச் சுளிச்சிக்கிட்டுத் தாறீங்க. மனசு பொருந்தாத காசு எங்களுக்கு ஹராம். பொருந்தினேன்னு சொல்லுங்க."

முஸ்லிம் கடைகளில் அப்படிக் கேட்பது ஊர் வழக்கம்தான். ஒரு வார்த்தையில் முடிகிற காரியம்.

"பொருந்தினன். காணுமே?"

"மனசார வரல்லயே தம்பி."

"இந்தாங்கோ, மூவாயிரம்! இப்ப விடுங்கோ!"

"கோவத்துல கூடத் தந்தாலும் அது பொருந்தாத காசுதான். முதல்லருந்து பேசுவோம். நீங்க ஆயிரத்து ஐந்நூறுன்னீங்க..."

"எனக்குப் பெட்டியே வேண்டாம்!"

அவன் திரும்பியதும் ஜெய்னம்பு துறை முழுக்கக் கேட்கும்படி குரலெடுத்தாள். "விலை பேசி முடிச்சிட்டு எடுக்காமப் போறாங்க! இது நியாயமா? கேட்க ஆளில்லையா?"

பக்கத்தில் நின்ற ஆட்டோக்களிலிருந்து த்ரீவீல்காரர்கள் இறங்கி வந்தார்கள். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. தெரியாத ஊர், தெரியாத முகங்கள். மதுசா விலகி ஓடப் பார்த்தாள். ஜெய்னம்பு அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் சங்கு ஊதியது.

"அக்கா, உங்களைக் கும்பிடுறன். என்ர பிள்ளை கப்பலுக்குள்ள தனியக் கிடக்கிறாள். எழும்பினா என்னைத் தேடுவாள் அக்கா..." மதுசா வாய்விட்டு அழுதாள்.

கல்லும் கரைந்திருக்கும். ஆனால் ஜெய்னம்பின் பிடி தளரவில்லை. மதுசாவின் முகத்தைப் பார்க்காமல் கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தாத்தா, உட்டுடுங்க. பாவம்," என்று அவளை அக்கா முறை வைத்துக் கெஞ்சினான் ஒரு த்ரீவீல்காரன்.

"காசுப்பேய் புடிச்சிட்டு இவளுக்கு," என்றான் இன்னொருவன்.

இஸ்ஹாக் மூச்சிரைக்க ஓடி வந்தான். "ஏய், உடு அவங்கள! எஞ்சின ஸ்டார்ட் பண்ணி வெச்சிட்டு நிக்கிறேன்!"

"நீங்க சும்மா இரிங்க. இது என்ட வியாபாரம்."

அந்த நேரத்தில் அஸ்மினின் போட்டு வெறுமையாகத் திரும்பி வந்து துறையில் முட்டியது.

ஜெய்னம்பு சட்டென்று கையை விட்டாள். பெட்டியை மதுசாவின் நெஞ்சில் திணித்தாள்.

"நான் பொருந்திட்டேன். ஓடுங்க! அஸ்மின்ட போட்டுல ஏறுங்க. இவரு, என்ட மாப்பிள்ள, கூலி கூடுதலாக் கேட்பாரு!"

கீர்த்திகன் கையிலிருந்த காசைக் கடைமேல் வீசிவிட்டு மனைவியை இழுத்துக்கொண்டு ஓடினான். போட்டு அலையில் எகிறி எகிறிப் போனது. கப்பலின் ஏணியில் இரண்டு உருவங்கள் ஏறி முடித்த பிறகுதான் இரண்டாம் சங்கு ஊதியது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்று ஜெய்னம்பு மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் அவளை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு கலைந்தது.

இஸ்ஹாக் மட்டும் நின்றான். "கைக்கு வந்த கூலியக் கெடுத்துட்டியே! ஏன், என்ட போட்டுக்கு என்ன குறை?"

"போட்டுக்கு ஒண்ணுமில்ல," என்றாள் தணிந்த குரலில். "விடியக்காலம் மீன் வாடிக் குடிசையில உழுந்தீங்களே..."

"வழுக்கி உழுந்தேன். அதுக்கென்ன?"

"வழுக்கி உழுந்தா வாயில நுரை தள்ளுமா? கை கால் இழுக்குமா? உங்களுக்கு நெனவில்ல. நான் பார்த்தேன். நடுக்கடல்ல அது வந்திருந்தா அந்தப் புள்ளைக்கு உம்மா, வாப்பா யாரு?"

இஸ்ஹாக் அரண்டுபோய்த் தன் கைகளைப் பார்த்தான்.

"அத அவங்கள்ட்டயே சொல்லி நிப்பாட்டியிருக்கலாமே? ஊருக்கு முன்னால ஏன் இவ்வளவு ஏச்சு வாங்கின?"

ஜெய்னம்பு முக்காட்டால் கண்ணைத் துடைத்தாள்.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம், சுகமாகும். ஆனா வலிப்புக்காரன்னு ஒருக்கா பேர் எடுத்தா, சுகமானாலும் உங்கட போட்டுல யாரு ஏறுவாங்க? காசுப்பேய்ட கடைக்கு நாளைக்கும் ஆள் வரும்."