நடு ஸ்டம்பின் ஓட்டு

இருட்டியபின், மைதானத்துச் சாமான் அறைக்கு வெளியே "டொக்... டொக்..." என்று ஒரு விநோதச் சத்தம் கேட்டது.

"கதவைத் தாழ்போடுடீ!" என்றது இடது ஸ்டம்ப்.

"நான் இருக்கும்போது என்ன பயம்? காலையிலிருந்து நீங்கள் இருவரும் போடும் சண்டையை முதலில் முடியுங்கள். இந்த சீசனில் சிறந்த பௌலர் யார்?" என்றது நடு ஸ்டம்ப்.

"ஆக்னஸ்தான்! அவள் வேகத்தில் நான் மூன்று பல்டி அடித்தேனே!" என்றது இடது ஸ்டம்ப்.

"போடீ! பர்வீன் பந்து சுழன்று வந்து, தொட்டும் தொடாமலும் என்னைச் சாய்த்தது. அதுதான் வித்தை" என்றது வலது ஸ்டம்ப்.

நடு ஸ்டம்ப் நெஞ்சை நிமிர்த்தியது. "என்னை எவளும் அசைத்ததில்லை. அசைக்கக்கூடியவளுக்கே என் ஓட்டு."

மறுபடியும் "டொக்!"

நடு ஸ்டம்ப் வெளியே எட்டிப் பார்த்தது. ஒரு ஆட்டத்திலும் சேர்க்கப்படாத ரோஸ்லின், நிலா வெளிச்சத்தில், சுவரில் கரியால் மூன்று கோடுகள் போட்டுத் தனியாகப் பந்து வீசிக்கொண்டிருந்தாள். பந்து பட்டுப் பட்டு நடுக்கோடு மட்டும் அழிந்தே போயிருந்தது.

"யாருடீ அங்கே?" என்றது இடது ஸ்டம்ப்.

"சிறந்த பௌலர்" என்று சொல்லி, நடு ஸ்டம்ப் சட்டென்று உள்தாழ்ப்பாளைப் போட்டது.