சல்பைடு இல்லாத தண்ணீர்

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் பெரிய மர டிரம் முனகிக்கொண்டே நிற்கிறது. சாய்ந்த வெயிலில் ஈரத் தோல்கள் வழுக்கி வெளியே விழுகின்றன. முதலாளி நயீம் பாய் ஒன்றைத் தூக்கி விரலால் நீவிப் பார்க்கிறார். ஒரு மயிர் இல்லை. "சூப்பரா வந்திருக்குதும்மா," என்கிறார். நந்தினி சிரிக்க முயல்கிறாள். சல்பைடு போடாமலே மயிரைக் கழற்றும் இந்த நொதி, அவள் வேலை பார்க்கும் அரசு ஆய்வுக்கூடத்தில் உருவானது. அதைத் தயாரிக்கும் உரிமையை வாங்கிய கம்பெனிக்காரன் ஹேமந்த், அவள் கண்ணைப் பார்க்காமல் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருக்கிறான். சல்பைடுக்கே உரிய அழுகிய முட்டை வாடை அடிக்கிறது. பக்கத்து டிரம்மாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, கையுறை மாட்டிய கையை வடிகிற தண்ணீரில் விடுகிறாள். நொதி கழற்றிய மயிர் முழுசாக மிதக்கும். கரைப்பது சல்பைடுதான். அவள் உள்ளங்கையில் மயிர் கூழாகக் குழைகிறது.

"மொத லாட்டு தப்பிடக்கூடாதுன்னு எங்க ஆள்கிட்ட கொஞ்சம் சல்பைடு போடச் சொன்னேன் மேடம்," ஹேமந்த் உதடு அசையாமல் சொல்கிறான். "ஆர்டர் கைக்கு வரட்டும். இன்னைக்கு மட்டும் வுட்டுருங்க."

தண்ணீர் சளசளவென்று கழிவுத் தொட்டிக்கு ஓடுகிறது. நயீம் பாய் அந்தப் பக்கம் திரும்பிக் குரல் கொடுக்கிறார். "கோவிந்தசாமி, இது சல்பைடு இல்லாத தண்ணி. வெஷ காஸ் வராது. பயப்படாம எறங்கி அடைப்ப எடுத்துடு." லுங்கியை மடித்துக் கட்டிய கோவிந்தசாமி தொட்டி ஏணியில் கால் வைக்கிறார். ஹேமந்த் தரையைப் பார்க்கிறான். ஏணி கிறீச்சிடுகிறது.

"அண்ணே, மேல ஏறிடுங்க," என்கிறாள் நந்தினி, கூழ் வழியும் கையை நயீம் பாய் முன்னால் நீட்டியபடி.