கழற்றி வைத்த செருப்பு

இறங்கிவிட்ட கர்ப்பப்பையைத் தூக்கிக் கட்ட இரண்டு வழி இருப்பதாக டாக்டரம்மா சொன்னார். “லேப்ராஸ்கோப்பின்னா வயித்துல சின்ன ஓட்டை போட்டு, பக்கத்துல நின்னு கையாலயே செய்வேன். ரோபோன்னா செருப்பைக் கழட்டிட்டு மூலையில உக்காந்து, வெறுங்காலால பெடலை மிதிச்சு ஓட்டுவேன். ரெண்டுலயும் பலன் ஒண்ணுதாம்மா.”

“ஒண்ணுதான்னா எங்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க? பக்கத்துலயே நில்லுங்க,” என்றாள் பிலோமினா.

மயக்க மருந்து ஏறிக் கண் சொருகும்போது, மூலையில் யாரோ செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பதைப் பார்த்தாள்.

மறுநாள் வயிற்றில் சின்னச் சின்னத் தையல்கள். எப்படிச் செய்தாலும் தழும்பு இப்படித்தான் இருக்கும் என்றாள் நர்ஸ்.

“பக்கத்துலதானே நின்னீங்க டாக்டர்?”

“பின்னே?”

பிலோமினா படுத்தபடியே அவர் கால்களைப் பார்த்தாள். டாக்டரம்மா அவற்றை மெதுவாகச் சேலைக்கரைக்குள் இழுத்துக்கொண்டார்.