சனிக்கிழமைப் பின்னல்

கம்பாலாவின் மதிய வெயில் தகரக் கூரையில் காய்ந்து, அந்த ஒற்றை அறைப் பார்லருக்குள் வெக்கையாக இறங்குகிறது. இனேஸின் விரல்கள் மட்டும் ஓயாமல் ஓடுகின்றன. முடியை மூன்றாகப் பிரித்து, கறுப்புச் சவுரி இழையைச் சேர்த்து, உச்சியிலிருந்து பிடரி வரை எறும்புச் சாரை போல ஒரு பின்னல். நாற்காலியில் இருப்பவர் அவளுக்குப் புள்ளியியல் நடத்தும் நாக்கிமுலி மேடம். புருண்டி நாட்டிலிருந்து படிக்க வந்த இனேஸ் சனிக்கிழமைகளில் தலை பின்னுவது பல்கலைக்கழகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் இரண்டு வருடமாக இங்கே தலைத்துணியைப் புருவம் வரை இறக்கிக் கட்டுகிறாள். "இவ கை பட்டா ஒரு மாசத்துக்குக் கலையாது மேடம். ஆனா அசைஞ்சீங்கன்னா திட்டுவா, கோவக்காரி!" என்று கடைக்கார ஜைத்தூன் அக்கா சிரிக்கிறாள். மேடத்தின் கண்கள் கண்ணாடியில் உயர்ந்து இனேஸின் முகத்தில் நிற்கின்றன. "உன்னை எங்கயோ பாத்திருக்கேனே, பொண்ணு?" விரல்கள் அப்படியே நின்றுவிடுகின்றன. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இனேஸ் புறங்கையால் தலைத்துணியை மேலே தள்ளுகிறாள். "உங்க வகுப்புலதான் மேடம். ரெண்டாவது வரிசை." விரல்கள் மறுபடி ஓடத் தொடங்குகின்றன. "தலையைக் கொஞ்சம் குனிஞ்சுக்குங்க, பின்னல் நேரா வரணும்." மேடம் குனிகிறார்.